சொந்தப் பாட்டை வெளியிடும் முன் முடிக்க வேண்டிய உரிமை வேலைகள்: முழுமையான வழிகாட்டி

இந்தியாவில் இருந்துகொண்டு, நண்பர்களோடு சேர்ந்து ஒரு பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, ரெக்கார்டிங் செய்து, ஸ்பாட்டிஃபையிலும் யூடியூபிலும் விட நினைப்பவருக்கான வழிகாட்டி இது. லேபிள் (பாட்டு வெளியிடும் நிறுவனம்) பின்னணியில் இல்லாதவர்கள் சட்டத்தில் தடுமாறுவதைவிட வரிசையில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். கையெழுத்து வாங்க வேண்டிய நாளில் போஸ்டர் விடுகிறார்கள். பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு பங்கு பேசுகிறார்கள். அப்போது யாரும் குறைத்துக் கேட்க மாட்டார்கள். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

ஒரு சொல் திருத்தம். பாட்டுக்கு இருப்பது பதிப்புரிமை. காப்புரிமை என்பது கண்டுபிடிப்புகளுக்கானது. பேச்சில் கலந்து சொன்னால் பரவாயில்லை. ஒப்பந்தத்தில் மாற்றி எழுதாதீர்கள்.

1. பாட்டை நாலாகப் பிரித்துப் பாருங்கள்

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் கண்ணில் ஒரே பாட்டுக்குள் நாலு தனிப் பொருள்கள் இருக்கின்றன.

வரிகள் இலக்கியப் படைப்பு. முதல் உரிமையாளர் எழுதியவர். மெட்டும் இசையும் இசைப் படைப்பு. முதல் உரிமையாளர் இசையமைத்தவர். ரெக்கார்டிங் என்பது ஒலிப்பதிவு; அதற்கு உரிமையாளர் தயாரிப்பாளர், அதாவது அந்தப் பதிவைச் செய்ய முன்கை எடுத்துப் பொறுப்பேற்றவர். பாடியதும் வாசித்ததும் நிகழ்த்துனர் உரிமை. அது பாடகருக்கும் வாத்தியக் கலைஞருக்கும் உரியது. வீடியோ எடுத்தால் அது ஐந்தாவதாக, தனியாக ஒரு படைப்பு.

காலமும் வேறு வேறு. வரிக்கும் இசைக்கும் படைத்தவரின் ஆயுளும் அதற்கு மேல் 60 ஆண்டும். ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டு. நிகழ்த்துனருக்கு 50 ஆண்டு. எல்லாமே அடுத்த ஜனவரி 1-லிருந்து எண்ணப்படும்.

இதை ஏன் முதலில் செய்ய வேண்டும்? "பாட்டு யாருடையது" என்று பொதுவாகக் கேட்டால் எல்லாரும் "என்னுடையது" என்பார்கள், எல்லாரும் சொல்வது ஓரளவு சரியாகவும் இருக்கும். எந்தப் பொருள் யாருடையது என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். நண்பரின் ஸ்டூடியோவில் காசில்லாமல் பத்து மணி நேரம் பதிவு செய்திருந்தால் தயாரிப்பாளர் யார் என்பதே கேள்வியாகிவிடும். அதை அன்றைக்கே ஒரு வரியில் எழுதி வாங்கிவிடுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

பங்கேற்ற ஒவ்வொருவரின் பெயரும் பான் அட்டையில் உள்ளபடி (மேடைப்பெயர் தனியாக), வங்கிக் கணக்கு விவரம், வரிகளின் இறுதி வடிவம், மெட்டு முதலில் பதிவான போன் ரெக்கார்டிங், டா (கணினியில் பாட்டைப் பதிந்து கோர்க்கும் மென்பொருள்) ப்ராஜெக்ட் கோப்பு, தனித்தனி ஸ்டெம்கள் (ஒவ்வொரு குரலுக்கும் வாத்தியத்துக்குமான தனி ஒலிக்கோப்பு), ஸ்டூடியோ ரசீது, வாங்கிய பீட் (தயாராக விற்கப்படும் பின்னணி இசை) அல்லது லூப்பின் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு ஒலி) உரிமப் பத்திரம். கோப்புகளின் தேதியை மாற்றாமல் இரண்டு இடங்களில் வையுங்கள். நாளை யாராவது "இது என் மெட்டு" என்றால் தேதியிட்ட இந்தக் கோப்புகள்தான் பேசும்.

3. பிறர் சரக்கு உள்ளே இருக்கிறதா என்று சலித்தெடுங்கள்

இதை மிக்ஸிங்குக்கு (பதிந்த ஒலிகளை ஒன்றாகக் கலக்கும் வேலைக்கு) முன் செய்யுங்கள். பின்னால் ஒரு லூப்பை உருவ வேண்டி வந்தால் மிக்ஸ், மாஸ்டர் இரண்டுக்கும் மறுபடி காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

பழைய பாடல்: மறைந்த ஆண்டைப் பாருங்கள். தியாகராஜர் மறைந்தது 1847. அவர் கீர்த்தனையைப் பாட யாரிடமும் அனுமதி வேண்டாம். பாரதியார் 1921, அவர் வரிகளும் பொதுவுடைமை, அதாவது யாரும் பயன்படுத்தலாம். ஆனால் பாபநாசம் சிவன் மறைந்தது 1973. அவர் கீர்த்தனைகளுக்குப் பதிப்புரிமை 2033 டிசம்பர் 31 வரை உயிரோடு இருக்கிறது. கச்சேரிகளில் தியாகராஜர் கிருதிக்குப் பக்கத்திலேயே பாடப்படுவதால் "இதுவும் பழசுதானே" என்று எடுத்துக்கொள்கிறார்கள். கண்ணதாசன் மறைந்தது 1981. கணக்கு 2041 முடியும் வரை போகிறது.

பொதுவுடைமையிலும் ஒரு பொறி உண்டு. பாரதியின் வரி பொது. அதற்கு வேறொருவர் போட்ட மெட்டு பொதுவாக இருக்க வேண்டியதில்லை. தியாகராஜர் கிருதி பொது. ஒரு வித்வான் பாடிய ஒலிப்பதிவு அப்படி அல்ல. வரி, மெட்டு, பதிவு மூன்றையும் தனித்தனியே சோதியுங்கள்.

சாம்பிள் (வேறொரு பதிவிலிருந்து வெட்டி எடுத்த துண்டு): "30 விநாடிக்குள் எடுத்தால் தப்பில்லை", "7 விநாடி வரை போகலாம்" என்று சுற்றிவரும் கணக்கு எதுவும் இந்தியச் சட்டத்தில் இல்லை. பழைய பதிவிலிருந்து நாலு விநாடி வெட்டி ஒட்டினாலும் இரண்டு அனுமதி வேண்டும்: ஒலிப்பதிவு உரிமையாளரிடம் ஒன்று, வரியும் இசையும் வைத்திருப்பவரிடம் ஒன்று. அதே பகுதியை நீங்களே வாசித்துப் பதிவு செய்தால் முதல் அனுமதி தேவையில்லை. இரண்டாவது அப்படியே நிற்கும்.

இணையத்தில் வாங்கிய பீட்: விலை குறைந்த உரிமங்கள் பெரும்பாலும் தனியுரிமை அல்லாதவை. அதே பீட்டை இன்னும் நூறு பேர் வாங்கியிருக்கலாம். எத்தனை ஸ்ட்ரீம் வரை, எத்தனை ஆண்டு வரை, கண்டென்ட் ஐடியில் (யூடியூபில் ஒலியை அடையாளம் காணும் அமைப்பில்) பதியலாமா என்ற மூன்றையும் பத்திரத்தில் தேடுங்கள். மூன்றாவதற்குப் பெரும்பாலும் "கூடாது" என்றே இருக்கும். அது 9-ஆம் படியில் முக்கியமாகப்படும்.

கிரியேட்டிவ் காமன்ஸ் (படைப்பாளி எல்லாருக்கும் முன்கூட்டியே தரும் பொது உரிமம்): "வணிகமற்ற" என்ற நிபந்தனை இருந்தால் விளம்பர வருமானம் வரும் வீடியோவில் போடாதீர்கள். "மாற்றக் கூடாது" என்று இருந்தால் வீடியோவோடு இசையைச் சேர்ப்பதே மாற்றமாகக் கருதப்படும்.

கவர் பாட்டு (ஏற்கனவே வந்த பாட்டை மறுபடி பாடிப் பதிவது): சட்டத்தின் 31சி பிரிவு கவர் பதிவுக்கு ஒரு வழி தருகிறது. முதல் பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து 5 ஆண்டு கழிந்திருக்க வேண்டும், முன்னறிவிப்பு தர வேண்டும், ராயல்டியை முன்கூட்டியே கட்ட வேண்டும், அதுவும் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதி என்ற கணக்கில். கேசட், சிடி காலத்து ஏற்பாடு இது. வீட்டில் கிட்டாரோடு ஒரு திரைப்பாடலைப் பாடிப் போடுபவருக்கு இது எட்டாது. நடைமுறை வழி, உரிமை வைத்திருக்கும் லேபிளிடம் எழுத்தில் கேட்பது. கேட்காமல் யூடியூபில் போட்டால் பல லேபிள்கள் வீடியோவை விட்டுவைத்து வருமானத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். அது அவர்கள் விருப்பம், உங்கள் உரிமை அல்ல. நாளைக்கே நீக்கவும் செய்யலாம்.

4. பங்குத் தாள்: மிக்ஸிங்குக்கு அனுப்பும் முன் கையெழுத்து

ஒரு பக்கம் போதும். பாட்டின் பெயர், தேதி, ஒவ்வொருவரின் சட்டப் பெயர், என்ன செய்தார், எத்தனை சதவீதம், கையெழுத்து. ஆனால் அந்தப் பக்கத்தில் இரண்டு கணக்கு இருக்க வேண்டும். இங்கேதான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள்: எல்லாரையும் ஒரே 100-க்குள் போட்டு அடைத்துவிடுகிறார்கள்.

முதல் கணக்கு படைப்புக்கு (வரியும் இசையும்). எடுத்துக்காட்டாக, வரி எழுதியவர் 50, மெட்டுப் போட்டவர் 35, இடையிசையை உருவாக்கி மெட்டை வளர்த்தவர் 15. கூட்டினால் 100.

இரண்டாவது கணக்கு ஒலிப்பதிவுக்கு. செலவு செய்து தயாரித்தவர் 70, பாடியவர் 20, ப்ரோகிராமிங் (கணினியில் இசை கோர்ப்பது) செய்தவர் 10. இதுவும் தனியாக 100. புல்லாங்குழல் வாசித்தவருக்கு ஒரே தொகை பேசியிருந்தால் அவர் பெயரையும் எழுதி, "ரூபாய் இவ்வளவு, பங்கு இல்லை" என்று குறித்து அவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். தாளில் பெயரே இல்லாதவர்தான் பிறகு சிக்கலாக வருவார்.

இரண்டு கணக்கு எதற்கு? பணம் இரண்டு குழாய்களில் வருகிறது. ஒலிப்பதிவுப் பணம் டிஸ்ட்ரிபியூட்டர் (பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் ஏற்றித் தரும் நிறுவனம்) வழியாக. படைப்புப் பணம் ஐபிஆர்எஸ் போன்ற ராயல்டி திரட்டும் சங்கம் வழியாக. ஒரே கணக்கு வைத்தால், பாடல் எழுதியவர் தனக்குச் சேர வேண்டிய இரண்டாவது குழாயை அறியாமலே இருந்துவிடுவார்.

இன்னொன்று: ஒரு படைப்பில் கூட்டு உரிமை இருந்தால், ஒருவர் மட்டும் மற்றவரைக் கேட்காமல் வெளியாருக்கு உரிமம் தர முடியாது. ஆகவே "உரிமம் பேசும் பொறுப்பு இவருக்கு, மற்றவர்கள் 7 நாளில் பதில் சொல்ல வேண்டும்" என்பது போல ஒரு வரியைத் தாளிலேயே சேருங்கள். விளம்பரக் கம்பெனி காத்திருக்காது.

5. எழுத்தில் இல்லாதது கைமாறவில்லை

பாடகருக்கு ஜிபே-யில் பணம் போட்டாயிற்று, ஸ்க்ரீன்ஷாட்டும் இருக்கிறது. அதனால் உரிமை வந்துவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். வராது. 19-ஆம் பிரிவின்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கொடுப்பவரின் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நாடுகள், என்ன தொகை அல்லது ராயல்டி என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும்.

எழுதாமல் விட்டால் சட்டமே நிரப்பும். காலம் எழுதவில்லையா, 5 ஆண்டு. இடம் எழுதவில்லையா, இந்தியா மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதாத வரை, அந்த உரிமை மாற்றம் காலாவதியாகும். பாட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டிவைக்கும் லேபிளுக்கு எதிராகப் படைப்பாளி கையில் இருக்கும் நல்ல ஆயுதம் இது. அதனால்தான் ஒப்பந்தங்களில் இந்த விதியை விலக்கும் ஒரு வரியை நடுவில் நுழைத்துவிடுகிறார்கள். அதைத் தேடிப் பிடித்து அடிக்கச் சொல்லுங்கள்.

2012 திருத்தத்துக்குப் பிறகு, பாடல் எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் தங்களுக்குள்ள சம பங்கை விட்டுக்கொடுக்கவே முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் மாற்றலாம். திரைப்பாடலுக்கு ஒரே விலக்கு, படத்தோடு சேர்த்துத் திரையரங்கில் ஓடுவது. "எல்லா ராயல்டியையும் நிரந்தரமாக விட்டுக்கொடுக்கிறேன்" என்று அச்சடித்து நீட்டினால், அந்தப் பகுதி செல்லாது. செல்லாது என்றாலும் கையெழுத்துப் போடாதீர்கள். பிறகு வழக்காடுவதைவிட அன்றைக்கே நீக்கச் சொல்வது எளிது.

முடிந்தால் உரிமையை மாற்றாமல் உரிமம் மட்டும் கொடுங்கள். மாற்றுவது வீட்டை விற்பது. உரிமம் வாடகைக்கு விடுவது. காலமும் இடமும் பயனும் குறிப்பிட்ட உரிமத்தில் பாட்டு உங்களிடமே திரும்பி வரும்.

6. பதிப்புரிமை அலுவலகப் பதிவு

பதியாவிட்டாலும் உரிமை உண்டு. படைத்த கணமே வந்துவிடுகிறது. பதிவு என்பது நீதிமன்றத்தில் முதல் நோக்கில் சான்றாக நிற்கும் ஒரு காகிதம். படிவம் 14, இணையத்திலேயே போடலாம். வரிக்கும் இசைக்கும் படைப்பு ஒன்றுக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய். விண்ணப்பித்த பின் ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பு. அதன் பிறகே ஆய்வு.

வரி, இசை, ஒலிப்பதிவு மூன்றும் தனித்தனி விண்ணப்பம். ஒரே விண்ணப்பத்தில் "பாட்டு" என்று போட்டால் கேள்வி கேட்டு நிறுத்துவார்கள். ஒலிப்பதிவுக்குப் பங்கேற்றவர்களின் தடையின்மைக் கடிதம் கேட்கப்படும். 4-ஆம் படியை முடித்தவருக்கு அதை வாங்குவது எளிது. கையில் காசு குறைவு என்றால் வரியையும் இசையையும் முதலில் பதியுங்கள். தபாலில் உங்களுக்கே ஒட்டிய உறை அனுப்பிக்கொள்ளும் பழக்கம் பதிவுக்கு ஈடாகாது.

7. குறியீடுகளும் பெயர்களும்

ஐஎஸ்ஆர்சி என்பது ஒலிப்பதிவின் அடையாளம், 12 இடம் கொண்டது. முதல் 5 இடம் குறியீடு பெற்றவரைச் சுட்டும், அடுத்த 2 ஆண்டு, கடைசி 5 வரிசை எண். ஐஎஸ்டபிள்யூசி என்பது படைப்பின் அடையாளம். ஒரே பாட்டை மூன்று பேர் தனித்தனியாகப் பாடிப் பதிந்தால் மூன்று ஐஎஸ்ஆர்சி, ஒரே ஐஎஸ்டபிள்யூசி. முழு வெளியீட்டுக்கு (சிங்கிள் அல்லது ஆல்பத்துக்கு) யூபிசி என்ற குறியீடு தனி.

ரீமிக்ஸ், கரோக்கி, சுருக்கிய வடிவம் என எதுவானாலும் புதிய ஐஎஸ்ஆர்சி வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றினால் பழைய ஐஎஸ்ஆர்சியையே கொண்டுபோக வேண்டும். புதிதாக வாங்கினால் அதுவரை சேர்ந்த ஸ்ட்ரீம் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஆகவே பாட்டு ஏறிய அன்றே குறியீட்டை உங்கள் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

பெயரை எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் போடுங்கள். தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஓரிடத்தில் இன்ஷியல் முன்னாலும் இன்னோரிடத்தில் பின்னாலும் வந்தால், கணினிக்கு அவர் இரண்டு ஆள். இரண்டு ஆளின் பணமும் பொருந்தாமல் எங்கோ தேங்கும். வட்டத்துக்குள் 'பி' போட்ட வரியில் ஒலிப்பதிவு உரிமையாளர் பெயர் வர வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் பெயர் அல்ல. தியாகராஜர் கிருதி என்றால் இயற்றியவர் இடத்தில் அவர் பெயர், இசைக்கோர்ப்பு இடத்தில் உங்கள் பெயர்.

8. டிஸ்ட்ரிபியூட்டரும் சங்கமும்

வேவ் கோப்பு (16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல்), 3000-க்கு 3000 பிக்செல் சதுர அட்டைப்படம் இரண்டும் தயாராக இருக்கட்டும். வெளியீட்டுக்கு 4 வாரம் முன் ஏற்றுங்கள். ஸ்பாட்டிஃபையின் ப்ளேலிஸ்ட் எடிட்டர்களுக்குப் பாட்டை அனுப்ப வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன் அது அங்கே இருக்க வேண்டும். தவறு கண்டு திருப்பி அனுப்பினால் சரிசெய்யவும் நாள் வேண்டும்.

ஒப்பந்தத்தில் மூன்று கேள்வி: ஆண்டுக் கட்டணம் நின்றால் பாட்டு இறங்கிவிடுமா? விலக எத்தனை நாள் அறிவிப்பு? உரிமை மாறுகிறதா, உரிமம்தானா? கடைசிக் கேள்விக்கு "மாறுகிறது" என்று வந்தால் வேறு இடம் பாருங்கள். வருமானம் பற்றியும் ஒன்று: 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் கடந்த 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தொடாத பதிவுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது. டிஸ்ட்ரிபியூட்டர் அமெரிக்க நிறுவனம் என்றால் டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் அமெரிக்க வருமானத்தில் வரி 30 சதவீதம் வரை பிடிக்கப்படலாம்; நிரப்பினால் இந்திய-அமெரிக்க வரி உடன்பாட்டின்படி 15.

இத்தோடு நிறுத்தினால் பாதிப் பணம்தான். வரிக்கும் இசைக்குமான ராயல்டியைத் திரட்டுவது ஐபிஆர்எஸ். 2017-இல் மறுபடி பதிவுபெற்ற சங்கம். உறுப்பினர் ஆனால் மட்டும் போதாது. ஒவ்வொரு பாட்டையும் பங்கு விவரத்தோடு தனியாகப் பதிய வேண்டும். இதை மறந்துவிட்டு "ஐபிஆர்எஸ்-ல சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு, ஒண்ணும் வரல" என்பவர்கள் பலர். பாடகர், வாத்தியக் கலைஞர்களுக்கு இஸாம்ரா என்ற சங்கம் இருக்கிறது. அமெரிக்க இணைய வானொலிப் பணத்துக்கு சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு: 50 சதவீதம் பதிவின் உரிமையாளருக்கு, 45 முதன்மைக் கலைஞருக்கு, 5 துணைக் கலைஞர்களுக்கு.

சங்கத்தில் சேரும்போது சில உரிமைகளை அதற்கு ஒப்படைக்கிறீர்கள். பிறகு ஒரு லேபிளுக்கு "எல்லா உரிமையும்" என்று எழுதிக் கொடுத்தால் ஒரே பொருளை இரண்டு பேருக்குக் கொடுத்ததாகிவிடும். சங்கத்திடம் உள்ளவை நீங்கலாக என்று எழுதுங்கள்.

9. யூடியூப் கண்டென்ட் ஐடி

கண்டென்ட் ஐடி உங்கள் ஒலியை மாதிரியாக வைத்துக்கொண்டு, அதே ஒலி வரும் வீடியோக்களைத் தேடிப் பிடிக்கும். நிபந்தனை ஒன்றே: அந்த ஒலி முழுக்க உங்களுக்கே தனியுரிமையாக இருக்க வேண்டும். தனியுரிமை அல்லாத பீட், எல்லாருக்கும் விற்கப்படும் லூப் உள்ளே இருந்தால், ஏற்றும்போது கண்டென்ட் ஐடி பெட்டியை டிக் செய்யாதீர்கள்.

ஏன் என்பதைக் கர்நாடக இசைப் பதிவில் நன்றாகப் பார்க்கலாம். ஒருவர் தன் ஆல்பத்தின் தொடக்கத்தில், கடையில் கிடைக்கும் தம்புரா லூப்பை 12 விநாடி தனியாக ஓடவிட்டு, அதைக் கண்டென்ட் ஐடியில் பதிந்துவிடுகிறார். அதே லூப்பை வைத்து நீங்கள் பாடிய வேறொரு கீர்த்தனைக்குக் கிளெய்ம் (உரிமை கோரல்) வருகிறது. கிளெய்ம் பக்கத்தைத் திறந்தால் பொருந்திய இடம் 0:00 முதல் 0:12 என்று இருக்கும். குரல் தொடங்கும் இடத்தில் பொருத்தம் நின்றுவிடும். உங்கள் வழக்கின் மொத்தச் சான்றும் அந்த 12 விநாடிதான்.

அப்படி வந்தால் செய்ய வேண்டியது: முதலில், இது ஸ்ட்ரைக் (சேனல் மீது விழும் தண்டனைக் குறி) அல்ல, சேனலுக்கு ஆபத்தில்லை என்று உணருங்கள். பதற்றத்தில் வீடியோவை அழிக்காதீர்கள். 5 நாளுக்குள் டிஸ்ப்யூட் (கிளெய்முக்கு மறுப்பு) செய்தால் கிளெய்ம் வந்த நாளிலிருந்து வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்திவைக்கப்படும். காரணத்தில் உணர்ச்சியைக் கொட்டாமல் மூன்று வரி எழுதுங்கள்: பொருந்திய இடம் எது, அந்த ஒலி எங்கே வாங்கியது, உரிமம் எப்படிப்பட்டது. எதிர்த்தரப்புக்கு 30 நாள். பதில் இல்லையென்றால் கிளெய்ம் விழுந்துவிடும். மறுத்தால் அப்பீல், அதற்கு அவர்களுக்கு 7 நாள். அப்பீல் கட்டத்தில் அவர்கள் நீக்கக் கோரினால் ஸ்ட்ரைக் வரும், 90 நாளில் மூன்று ஸ்ட்ரைக் என்றால் சேனலே போகும். ஆகவே உரிமப் பத்திரம் கையில் இல்லாமல் அப்பீல் வரை போகாதீர்கள்.

உங்கள் பாட்டுக்கு உங்கள் சேனலிலேயே கிளெய்ம் வந்தால் பெரும்பாலும் அது உங்கள் டிஸ்ட்ரிபியூட்டர் போட்டதுதான். சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். வெளியீட்டுக்கு முன்பே சொல்லிவிட்டால் முதல் வாரப் பார்வைகளின் கணக்கு குழம்பாது.

10. உங்கள் பாட்டை வேறொருவர் எடுத்தால்

முதலில் அனுமதிக்கப்பட்டதா என்று பாருங்கள். கல்யாண ஊர்வலத்திலும் திருமணத்தோடு சேர்ந்த சமூக விழாக்களிலும் பாட்டு ஒலிப்பதை 52-ஆம் பிரிவு மீறலாகக் கருதுவதில்லை. மண்டபத்தில் டிஜே போட்டதற்குச் சண்டைக்குப் போகாதீர்கள். அதே கல்யாண வீடியோவைப் பின்னணியில் உங்கள் பாட்டோடு ஸ்டூடியோக்காரர் தன் விளம்பரமாக யூடியூபில் போட்டால் அது வேறு கதை. படத்தோடு இசையைச் சேர்க்கும் உரிமம் வேண்டும், படைப்புக்கும் பதிவுக்கும் தனித்தனியாக.

மீறல்தான் என்றால், எழுதுவதற்கு முன் சான்றை எடுங்கள்: இணைப்பு, தேதி தெரியும் ஸ்க்ரீன் ரெக்கார்டிங், பாட்டு வரும் நேரம், பார்வை எண்ணிக்கை. முதலில் செய்தி அனுப்பிவிட்டால் வீடியோ மறைந்துவிடும், கேட்க எதுவும் இருக்காது. அடுத்து மரியாதையாக ஒரு மின்னஞ்சல், உரிமத் தொகையோடு. சிலர் இதிலேயே பணம் கட்டிவிடுவார்கள். பதில் இல்லையென்றால் யூடியூபின் நீக்கக் கோரிக்கைப் படிவம். அவர் எதிர் அறிவிப்புக் (நீக்கியது தவறு என்ற மறுப்பு) கொடுத்தால் 10 வேலை நாளுக்குள் நீங்கள் சட்ட நடவடிக்கை தொடங்கியதற்கான சான்றைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வீடியோ திரும்ப வந்துவிடும். வழக்கறிஞரைத் தேடும் வேலையை அந்தப் பத்து நாளுக்கு விட்டுவைக்காமல் நீக்கக் கோரிக்கை அனுப்பும் அன்றே தொடங்குங்கள். பங்குத் தாளையும் 6-ஆம் படிப் பதிவுச் சான்றையும் அவரிடம் அன்றே கொடுத்துவிடுங்கள்.